ஆவணம் இல்லாத பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி இதுதான். சிறுவர் இல்லம் ஒன்றில் புதிதாகப் பொறுப்பேற்ற ஒருவர் கேட்கிறார்: இல்லத்துப் பிள்ளைகள் பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. சிலருக்குப் பெற்றோர் யாரென்றே தெரியாது. சிலருடைய பெற்றோர் வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள். ஒரு பெண்ணுக்கு வயது 16ஆ 17ஆ என்பதே தெளிவில்லை. விண்ணப்பம் எங்கே வாங்குவது, என்னென்ன இணைப்பது, முதலில் எதைச் செய்வது?

விண்ணப்பத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அது கடைசி வேலை. படிவத்தை முதலில் கையில் எடுப்பவர்கள்தான் பெரும்பாலும் பாதியில் நின்றுவிடுகிறார்கள். பிறந்த தேதி, பிறந்த இடம், தாய் பெயர், தந்தை பெயர் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். தெரியாத கட்டம் வந்ததும் ஒன்று அப்படியே மூடி வைத்துவிடுவார்கள், இல்லையென்றால் தோராயமாக எதையாவது எழுதிவிடுவார்கள். மூடி வைப்பதைவிட தோராயமாக எழுதுவது மோசம். அந்தப் பொய்யை அந்தப் பிள்ளை ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டிவரும்.

முதல் வேலை, இந்தப் பிள்ளையைப் பற்றி எங்கெல்லாம் ஏற்கனவே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தேடுவது. "இவனுக்கு ஒரு காகிதமும் இல்லை" என்று சொல்லப்படும் பிள்ளைக்குக்கூட எங்கோ ஒரு பதிவேட்டில் ஒரு வரி இருக்க வாய்ப்பு அதிகம். அந்த வரியைக் கண்டுபிடித்துவிட்டால் மீதி வேலை பாதியாகக் குறையும்.

தேடும் முன், மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பிறப்பைப் பதிவு செய்வது ஒன்று. அந்தப் பதிவிலிருந்து சான்றிதழ் எடுப்பது இன்னொன்று. குடியுரிமை மூன்றாவது. இவை மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி அலைச்சல். யுனிசெஃப் 2024 டிசம்பரில் வெளியிட்ட கணக்குப்படி, உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சுமார் 15 கோடிப் பேரின் பிறப்பு பதிவாகவே இல்லை. அவர்களில் பாதிக்கு மேல் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் இருக்கிறார்கள். அதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது: இன்னும் 5 கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பதிவு இருக்கிறது, கையில் சான்றிதழ் இல்லை. உங்கள் இல்லத்திலும் இந்த இரண்டு வகையினரும் கலந்தே இருப்பார்கள். இரண்டாம் வகைப் பிள்ளைக்குப் புதிதாகப் பதிவு செய்யப் போனால், ஒரே ஆளுக்கு இரண்டு பிறப்புப் பதிவுகள் உண்டாகிவிடும். பிற்பாடு கடவுச்சீட்டு எடுக்கும்போது அது மோசடி போலத் தெரியும்; அவிழ்ப்பது பெரிய பாடு.

எனவே பதிவாளர் அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டியது தேடல்தான். தேடும்போது பிள்ளையின் இப்போதைய பெயரை நம்பாதீர்கள். பல இடங்களில் பெயர் வைக்கும் முன்பே பிறப்பைப் பதிந்துவிடுவார்கள். அந்த வரியில் "ஆண் குழந்தை" அல்லது "பெண் குழந்தை" என்று மட்டும் இருக்கும். தாயின் பெயரை வைத்துத் தேடுங்கள். திருமணத்துக்கு முந்தைய பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், எழுத்துமாறிய பெயர் எல்லாவற்றையும் பாருங்கள். தாய் இப்போது வாழும் ஊரில் மட்டும் தேடுவதும் போதாது. பிரசவம் எந்த ஊரில் நடந்ததோ, அந்த ஊரின் பதிவேட்டில்தான் இருக்கும். முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாரா என்ற ஒரே கேள்வியில் தீர்ந்த விவகாரங்களைப் பார்த்திருக்கிறேன். எங்கு தேடியும் கிடைக்காவிட்டால், "இந்தக் காலப்பகுதியில் இப்படி ஒரு பதிவு இல்லை" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காலதாமதப் பதிவுக்கு அதுவே முதல் இணைப்பு.

பதிவு இல்லை என்பது உறுதியான பிறகு, ஆதாரம் சேர்ப்பது. மருத்துவமனையில் பிறந்த பிள்ளையென்றால் பிரசவ அறைப் பதிவேட்டைக் கேளுங்கள். பலர் மருத்துவமனை அலுவலகத்தில் ஒரு கடிதம் கேட்பார்கள், "பழைய ரெக்கார்டு இல்லை" என்ற பதிலோடு திரும்பிவிடுவார்கள். அலுவலகம் வைத்திருக்கும் நோயாளிக் கோப்பு வேறு, பிரசவ அறையில் செவிலியர்கள் கையால் எழுதும் நீளமான பதிவேடு வேறு. அந்தப் பதிவேடு கட்டுக்கட்டாக ஏதாவது அலமாரியில் தூசி படிந்து கிடக்கும். அப்படி ஒன்றில் ஒரு சிறுவனின் வரியைத் தேடிக்கொண்டிருந்தோம். தாயின் பெயரில் ஓர் எழுத்து தவறு, வயது இரண்டு கூடுதல், ஊர்ப் பெயர் சுருக்கி எழுதப்பட்டிருந்தது. ஆனால் பக்கத்துக் கட்டங்களில் மூன்றாவது பிரசவம், அதிகாலை 4.10, ஆண், 2.3 கிலோ, பிறந்ததும் மூச்சுத்திணறல் என்று இருந்தது. குழந்தை பிறந்தவுடன் அழவில்லை, மூக்கில் குழாய் வைத்தார்கள் என்று அந்தத் தாய் பதிவேட்டைப் பார்க்கும் முன்பே எங்களிடம் சொல்லியிருந்தார். அதையும் இதையும் சேர்த்து வைத்தபோது பதிவாளருக்குச் சந்தேகம் வரவில்லை. பெயர் பொருந்தாவிட்டாலும் சம்பவம் பொருந்தினால் போதும் என்ற இடம் இது. ஆகவே தாயிடம் தேதியை மட்டும் கேட்காதீர்கள். பிரசவம் எப்படி நடந்தது என்று முழுசாகக் கேட்டு, பதிவேட்டைத் திறக்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இந்த வசதி இல்லை. அங்கே தடுப்பூசி அட்டைதான் பெரிய துணை. அட்டை தொலைந்திருந்தாலும், ஊசி போட்டவர்களிடம் அவர்களுடைய பதிவேடு இருக்கும். அப்புறம் கர்ப்பகாலப் பரிசோதனைப் பதிவு, பிரசவம் பார்த்த மருத்துவச்சியின் வாக்குமூலம், மத நிறுவனத்தில் நடந்த பெயர்சூட்டல் பதிவு, பள்ளிச் சேர்க்கைப் படிவம், அண்ணன் தம்பிகளின் சான்றிதழ்கள். உடன்பிறந்தவர்களின் சான்றிதழைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அண்ணன் பிறந்த மாதமும் தம்பி பிறந்த மாதமும் உறுதியாகத் தெரிந்தால், நடுப்பிள்ளை பிறந்திருக்கக்கூடிய காலம் தானாகவே சுருங்கிவிடும்.

தேதி யாருக்கும் நினைவில்லை என்றால், மக்கள்தொகைக் கணக்கெடுப்பவர்கள் கையாளும் ஒரு வழி இருக்கிறது. அந்த வட்டாரத்தில் நடந்த, எல்லோருக்கும் நினைவிருக்கும் நிகழ்ச்சிகளைத் தேதியோடு ஒரு தாளில் எழுதிக்கொள்வது: வெள்ளம், தேர்தல், பெரிய திருவிழா, பாலம் திறந்தது, விளைச்சல் பொய்த்த வருடம். பிறகு தாயிடம் ஒவ்வொன்றாகக் கேட்பது: தேர்தல் நடந்தபோது வயிற்றில் இருந்ததா, கையில் இருந்ததா? வெள்ளத்தில் தூக்கிக்கொண்டு ஓடினீர்களா, இல்லை நடந்து வந்தானா? இப்படிக் கேட்டால் ஒன்றிரண்டு மாத வித்தியாசத்துக்குள் வந்துவிடலாம். பாட்டியையும் பக்கத்து வீட்டுக்காரரையும் தனித்தனியாகக் கேளுங்கள். மூவரையும் ஒன்றாக உட்கார வைத்தால் முதலில் பேசியவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள்.

இவ்வளவும் கையில் வந்த பிறகுதான் படிவம், பிரமாணப் பத்திரம், சாட்சிகள். எத்தனை நாள் வரை இலவசம், எதற்கு மேல் அபராதம், எதற்கு மேல் நீதிபதியின் அல்லது உயர் அதிகாரியின் ஆணை தேவை என்பது நாட்டுக்கு நாடு மாறும். பதிவாளர் அலுவலகத்தில் அதை எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், தரகரிடம் கேட்காதீர்கள். பிள்ளைகள் நிறைய இருந்தால், பதிவாளரை ஒரு நாள் இல்லத்துக்கே வரச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. பல நாடுகளில் நடமாடும் பதிவு முகாம்கள் வழக்கமாகவே நடக்கின்றன. தூரம் எவ்வளவு பெரிய தடை என்பதற்கு தான்சானியாவைச் சொல்லலாம். அங்கே முன்பு பிறப்பை அறிவிப்பது ஒரு வேலை, மாவட்டத் தலைமையகத்துக்குப் போய்க் கட்டணம் கட்டிச் சான்றிதழ் வாங்குவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒன்றாக்கி, ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணத்தை நீக்கி, ஊர்ச் சுகாதார நிலையத்திலேயே கையோடு கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்த முறை போன இடமெல்லாம் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. பெற்றோரின் அலட்சியம் என்று பேசுபவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

பெற்றோர் யாரென்றே தெரியாத பிள்ளைக்கு வருவோம். கண்டெடுக்கப்பட்ட குழந்தைக்கு, கண்டெடுத்த சம்பவத்தின் பதிவுதான் முதல் ஆவணம்: யார் பார்த்தார்கள், எந்த இடம், எத்தனை மணி, தொப்புள்கொடி எப்படி இருந்தது, எந்தத் துணியில் சுற்றியிருந்தது, கழுத்திலோ இடுப்பிலோ கயிறு இருந்ததா. அந்தத் துணியையும் கயிறையும் துவைத்து வேறு குழந்தைக்குப் போட்டுவிடாதீர்கள். படமெடுத்து, பொதிந்து, கோப்போடு வையுங்கள். எதிர்காலத்தில் ஒரு தாய் தேடி வந்தால் அடையாளம் சொல்ல அது ஒன்றுதான் மிஞ்சியிருக்கும். காவல் நிலையப் பதிவின் நகலையும் உடனே வாங்கிவிடுங்கள், வருடங்கள் கழித்துக் கேட்டால் கிடைப்பது அரிது. குடியுரிமையைப் பொறுத்தவரை, நாடற்ற நிலையைக் குறைப்பதற்கான 1961ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையின் 2ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது: ஒரு நாட்டில் கண்டெடுக்கப்பட்ட குழந்தை, மாறான சான்று இல்லாதவரை, அந்த நாட்டில் அந்நாட்டுக் குடிமக்களுக்குப் பிறந்ததாகவே கொள்ளப்பட வேண்டும். எல்லா நாடுகளும் அதில் சேரவில்லை. சேராத நாடுகளிலும் உள்நாட்டுச் சட்டத்தில் இதே ஏற்பாடு இருக்கக்கூடும், ஒரு வழக்கறிஞரைக் கொண்டு பார்த்துவிடுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "பெற்றோர் கட்டம் காலியாக இருந்தால் பிள்ளைக்கு அவமானம்" என்று நினைத்து, வளர்ப்பவர்களின் பெயரையோ இல்லப் பொறுப்பாளரின் பெயரையோ பெற்றோர் என்று எழுதிக்கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். செய்யாதீர்கள். அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை நடந்த ராணுவ ஆட்சியில், சிறையில் பிறந்த குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கான குழந்தைகள் தாய்மாரிடமிருந்து பறிக்கப்பட்டு வேறு குடும்பங்களின் சொந்தப் பிள்ளைகளாகப் பொய்யாகப் பதிவு செய்யப்பட்டார்கள். பாட்டிமார்கள் அமைப்பாகத் திரண்டு பேரப்பிள்ளைகளை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கொடுமையின் விளைவாக அர்ஜென்டினா முன்வைத்ததுதான் 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 8ஆம் பிரிவு. பிறந்தவுடன் பதிவு, பெயர், குடியுரிமை ஆகியவை 7ஆம் பிரிவில் உள்ளன. ஒரு பிள்ளையின் அடையாளம் சட்டவிரோதமாகப் பறிக்கப்பட்டால் அதை விரைவாக மீட்டுத்தர அரசு உதவ வேண்டும் என்கிறது 8ஆம் பிரிவு. நம்முடைய நோக்கம் வேறுதான். ஆனாலும் பதிவேட்டில் ஏறும் பொய் அந்தப் பிள்ளை தன் மனிதர்களைத் தேடும் வழியை அடைத்துவிடும். முறையாகத் தத்தெடுப்பு நடந்தால் பதிவைத் திருத்தச் சட்ட வழி இருக்கிறது, அதில் போங்கள்.

அவமானம் என்ற கவலைக்கு வேறு வழிகள் உண்டு. பல நாடுகளில் பெற்றோர் விவரம் இல்லாத சுருக்கச் சான்றிதழ் கிடைக்கும். இங்கிலாந்தில் 1947இலிருந்து இருக்கிறது. பெயர், பாலினம், பிறந்த தேதி, இடம் மட்டும் அதில் வரும். அது ஏற்கப்படும் இடங்களில் முழுப் பிரதியை எல்லோருக்கும் காட்ட வேண்டியதில்லை. தனித்து வாழும் தாயிடம் "அப்பா பெயர் இல்லாமல் பதிய முடியாது" என்று ஒரு எழுத்தர் சொன்னால், அது சட்டமா அவருடைய பழக்கமா என்று விசாரியுங்கள். இந்தியாவில் திருமணமாகாத தாய் ஒருவரின் வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம், தாயின் பிரமாணப் பத்திரத்தை மட்டும் வைத்துப் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் தர வேண்டும் என்றது.

வேறு நாட்டிலிருந்து வந்த பெற்றோருக்குப் பயம் இருக்கும்: பதியப் போனால் நம்மைப் பிடித்துக்கொள்வார்களோ? அந்தப் பயத்தை லேசாக எடுக்காதீர்கள், "ஒன்றும் ஆகாது" என்று வெறும் வாக்குறுதியும் கொடுக்காதீர்கள். பதிவு அலுவலகம் குடிவரவுத் துறைக்குத் தகவல் கொடுக்குமா என்று முதலில் நீங்கள் விசாரியுங்கள், பிறகு அவர்களை அழைத்துப் போங்கள். அதிகாரி தயங்கினால் அவருக்கும் விளக்குங்கள்: பிறப்பைப் பதிவதால் மட்டும் குடியுரிமை வந்துவிடாது, இன்ன இடத்தில் இன்னாருக்கு இந்தப் பிள்ளை பிறந்தது என்பதுதான் பதிவாகிறது. அகதிக் குடும்பமென்றால், எக்காரணம் கொண்டும் அவர்கள் தப்பி வந்த நாட்டின் தூதரகத்துக்கு நீங்களாக எழுதிவிடாதீர்கள். ஊரில் இருக்கும் உறவினருக்கு ஆபத்தாகலாம், அடைக்கல வழக்கையும் கெடுக்கலாம். சொந்த நாட்டின் உதவியைக் கேட்க முடியாத அகதிக்கு, வழக்கமாக அந்த நாடு கொடுத்திருக்கும் ஆவணங்களைத் தஞ்சமளித்த நாடு கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது 1951 அகதிகள் உடன்படிக்கையின் 25ஆம் பிரிவு.

குடியுரிமையே இல்லாமல் வளரும் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட அதிகம். 20க்கும் மேற்பட்ட நாடுகளில் இன்றும் தாய் தன் குடியுரிமையைத் தந்தைக்குச் சமமாகப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. தந்தை காணாமல் போனால், அல்லது அவருக்கே நாடு இல்லாவிட்டால், பிள்ளைக்கும் நாடு இல்லை. 2018இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் சிக்கி மீட்கப்பட்ட கால்பந்து அணி நினைவிருக்கும். அந்த 13 பேரில் மூன்று சிறுவர்களும் துணைப் பயிற்சியாளரும் நாடற்றவர்கள். உலகமே பார்த்துக்கொண்டிருந்ததால் அடுத்த மாதமே அவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. மற்ற பிள்ளைகளுக்கு அந்த வெளிச்சம் கிடையாது. அவர்களுக்காக யாராவது கோப்பைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். கிடைத்த ஆவணமும் நிரந்தரம் என்று இருந்துவிட முடியாது. டொமினிகன் குடியரசில் 2013இல் வந்த ஒரு தீர்ப்பு, அங்கேயே பிறந்து, பிறப்புப் பதிவும் வைத்திருந்த ஹெய்தி வம்சாவளி மக்கள் பல்லாயிரம் பேரின் குடியுரிமையை 1929 வரை பின்னோக்கிப் போய்க் கேள்விக்குள்ளாக்கியது. சந்தேகம் உள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோர், தாத்தா பாட்டி ஆவணங்களின் நகலையும் சேர்த்து வைக்கச் சொல்வது இதனால்தான்.

வயது தெளிவில்லாத அந்தப் பெண்ணின் விஷயம்தான் அவசரம். அதை முதலில் எடுங்கள். 18 தாண்டிவிட்டால் பல இடங்களில் அவளே வயதுவந்தவராக விண்ணப்பிக்க வேண்டும். விசாரணை கடுமையாகும், இல்லத்தின் பாதுகாப்பும் முடிந்துவிடும். வயதுச் சான்று இல்லாத 16 வயதுப் பெண்ணை 18 என்று சொல்லிக் கல்யாணம் செய்து வைக்கலாம், வேலைக்கு அனுப்பலாம், ஒரு வழக்கில் சிக்கினால் பெரியவர்களோடு அடைக்கலாம். எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அதை ஆரம்பத்திலேயே ஒப்புக்கொள்ளாதீர்கள். உலகெங்கும் அதிகம் பயன்படும் எலும்பு வயது அளவுகோல், 1930களிலும் 40களின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வசதியான வெள்ளைக் குடும்பத்துப் பிள்ளைகளை வைத்து உருவானது. பட்டினியும் நோயும் பட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது எப்படிச் சரியாகப் பொருந்தும்? விடையும் ஒரே எண்ணாக வராது, இரண்டு வருடம் முன்பின் ஆகலாம். காகித ஆதாரம், நேர்காணல், அவளை அறிந்தவர்களின் வாக்குமூலம் எல்லாம் தீர்ந்த பிறகே அது. அப்போதும் எல்லையின் குறைந்த பக்கத்தையே எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். சந்தேகத்தின் பலனைப் பிள்ளைக்கே கொடுக்க வேண்டும் என்பது ஐ.நா. குழந்தை உரிமைக் குழுவின் நிலைப்பாடும் ஆகும்.

தேதி தெரியாத எல்லோருக்கும் ஜனவரி 1 என்று போடும் வழக்கமும் உண்டு. அகதிகளிடையே இதை நிறையப் பார்க்கலாம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே பிறந்தநாள். சட்டப்படி அது செல்லும், ஆனால் வருடம் மட்டும் தெரிந்து மாதம் தெரியாத பிள்ளையை அது மாதக்கணக்கில் மூத்தவளாக்கிவிடும். அவளுக்கு மாதமாவது தெரியும் என்றால் அதற்காகப் போராடுங்கள்.

அடையாள அட்டை பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பிறப்புப் பதிவு சரியாக இருந்தால் அது பெரும்பாலும் தானாக வரும். பதிவு இல்லாமலேயே அட்டை எடுக்க வழியிருந்தாலும், வாய்மொழியாகச் சொன்ன தேதி அதில் ஏறிவிட்டால் பின்னால் வரும் ஆவணங்களோடு மோதும். அவசரம் இல்லையென்றால் பிறப்புப் பதிவை முடித்துவிட்டு அட்டைக்குப் போங்கள்.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரம் உங்களுக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். பிள்ளை உங்கள் இல்லத்தில் இருப்பதாலேயே நீங்கள் சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிட மாட்டீர்கள். நீதிமன்றத்திடமோ குழந்தைகள் நல அமைப்பிடமோ அதற்கான ஆணையை முதலிலேயே வாங்கினால் ஒவ்வொரு கவுண்டரிலும் திரும்பி வர வேண்டியதில்லை. பெயர் எழுதும் கட்டத்துக்கு வரும்போது பிள்ளையிடம் கேளுங்கள். இல்லத்தில் கூப்பிடும் பெயர் ஒன்றாகவும், அவள் அம்மா வைத்த பெயர் வேறாகவும் இருக்கும். எது நிற்க வேண்டும் என்று அவள் தெளிவாகச் சொல்வாள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகராதீர்கள். அங்கேயே நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள், பள்ளிப் பதிவோடு ஒப்பிடுங்கள். அன்றைக்கே சொன்னால் ஐந்து நிமிடத்தில் திருத்துவார்கள், அடுத்த மாதம் போனால் அது தனி விண்ணப்பம். பதிவு எண்ணையும் பதிவு நடந்த அலுவலகத்தின் பெயரையும் வேறொரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்; காகிதம் எரிந்தாலும் அந்த எண் இருந்தால் மறுபிரதி எடுக்கலாம். மூலப் பிரதி பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். அதைப் படமெடுத்து நன்கொடையாளர்களுக்கும் குழுக்களுக்கும் அனுப்பாதீர்கள். அந்தத் தாளில் இருக்கும் விவரங்களை வைத்தே ஒரு பிள்ளையைத் தேடி வர முடியும், ஓடி வந்த வீட்டிலிருந்தும் வரலாம். இல்லத்தை விட்டுப் போகும் நாளில் மூலப் பிரதி அவர்கள் கையில் போக வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் பிடித்து வைக்கக் கூடாது.

மறுத்துவிட்டால்? வாய்மொழி மறுப்பை ஏற்காதீர்கள். எந்தச் சட்டப் பிரிவின்படி மறுக்கிறீர்கள், எழுதிக்கொடுங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். பல மறுப்புகள் அந்த இடத்திலேயே தளர்ந்துவிடும். எழுத்தில் தந்தால் மேல்முறையீட்டுக்கு அதுவே அடிப்படை. எந்த நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்று அன்றே குறித்துக்கொண்டு, இலவச சட்ட உதவி மையத்துக்கு முழுக் கோப்போடு போங்கள்.